பாஸா, டிக்கெட்டா?

என் தங்கை பிள்ளைக்குச் சென்ற தை மாதத்தில் கலியாணம் நடந்தது. சித்திரை பிறப்பதற்குள் அவனும் அவன் மனைவியுமாக மூன்று வாரம் ஐரோப்பாவைச் சுற்றி வருவது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். அதற்காக இருவரும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பிருந்தே அவரவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வந்திருக்கிறார்கள் என்பது அப்புறந்தான் தெரிந்தது. கலியாணத்தில் வந்த மொய்ப் பணமும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்ததாம். மொய்ப் பணத்தில் பாத்திரமும் பண்டமும் வாங்காமல் ஊர் பார்க்கப் புறப்படுகிற தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. என் தங்கைக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பையன் வந்து நின்றான். பின்னாலேயே அவன் மனைவி. இரண்டு முகத்திலும் சிரிப்பு இல்லை. மடிக் கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"மாமா, ஒரே ஒரு கேள்வி. ரயிலுக்கு மொத்தமாகப் பாஸ் வாங்குவதா, இல்லை, ஊருக்கு ஊர் தனித்தனியாக டிக்கெட் வாங்குவதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள், போதும்."

ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்தவன் நாவல் எழுதப் போவானா?

கணினியில் இரண்டு பத்திகள் போட்டிருந்தான். ஒன்று பாஸுக்கு ஆகிற செலவு. மற்றொன்று டிக்கெட்டுக்கு ஆகிற செலவு. இரண்டுக்கும் வித்தியாசம் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஆனால், பையன் பாஸ் கட்சி. புது மருமகள் டிக்கெட் கட்சி. "எந்தத் தேதியில் எந்த ஊர் என்று முடிவு பண்ணியாச்சு. இப்பவே வாங்கிட்டால் மலிவு" என்பது அவள் வாதம். "நடுவில் ஒரு ஊர் பிடித்துப் போய்விட்டால் என்ன செய்கிறது?" என்பது அவன் வாதம். மூன்று நாளாக இதே பேச்சாம். கலியாணமான பிறகு அவர்களுக்குள் வந்த முதல் வழக்கு இதுதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன். முதல் வழக்கில் தீர்ப்புச் சொல்லுகிறவன் பாடு எப்போதும் ஆபத்தானது. ஆகவே, தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டுச் சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். அன்று அவர்களுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுவிட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் நீராவி ரயில் ஓட ஆரம்பித்துப் பத்து வருஷம் நிறைவதற்குள்ளேயே முளைத்துவிட்டது. கான்டர்பரி என்ற கோயில் நகரத்திலிருந்து விட்ஸ்டபிள் என்ற கடற்கரை ஊருக்கு 1830-ஆம் வருஷத்தில் ஒரு சிறிய ரயில் பாதை போட்டார்கள். கோடை வந்தால் கான்டர்பரி ஜனங்கள் கடல் ஸ்நானத்துக்குப் போவார்கள். அவர்கள் தினந்தோறும் ஜன்னலில் நின்று காசு கொடுப்பானேன் என்று, 1834-ஆம் வருஷம் அந்தக் கம்பெனி கோடைப் பருவம் முழுமைக்கும் செல்லும்படியாக ஒரே சீட்டைக் கொடுத்தது. பருவத்துக்கு ஆங்கிலத்தில் 'சீசன்' என்று பேர். நம்முடைய தாம்பரம் மின்சார ரயிலில் காலை எட்டு மணிக்கு ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகிறாரே ஆபீஸ் குமாஸ்தா, அவருடைய சட்டைப் பையில் இருக்கும் 'சீசன் டிக்கெட்'டின் பூர்வ கதை இதுதான். கடலில் குளிக்கப் போனவர்களுக்காகப் பிறந்த பெயர், வருஷம் பூராவும் வேர்வையில் குளிக்கிறவர்களிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் சாதாரண டிக்கெட் வாங்குவது எப்படி என்று தெரிந்தால் சீசன் டிக்கெட்டின் அருமை தெரியும். ரயிலுக்கு முன்னால் குதிரைக் கோச்சு வண்டிகள் ஓடின அல்லவா? கோச்சு வண்டிக் காரியாலயத்தில் குமாஸ்தா ஒவ்வொரு பிரயாணியின் விவரத்தையும் சீட்டில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். பத்துப் பேர் ஏறுகிற வண்டிக்கு அது சரி. இருநூறு பேர் ஏறுகிற ரயிலுக்கும் அதே வழக்கத்தை வைத்துக்கொண்டு ஆரம்பத்துக் கம்பெனிகள் திண்டாடின. அதோடு இன்னொரு சங்கடம். குமாஸ்தா எத்தனை சீட்டு எழுதினார், எவ்வளவு காசு வாங்கினார், எவ்வளவு பெட்டியில் போட்டார் என்பதெல்லாம் அவருக்கும் கடவுளுக்குந்தான் வெளிச்சம்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஒரு திவாலான தச்சர்.

தாமஸ் எட்மண்ட்ஸன் 1792-ல் லங்காஸ்டர் ஊரில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பொய் சொல்லக் கூடாது, ஆடம்பரம் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறவர்கள் அவர்கள். நல்ல மேஜை நாற்காலி செய்கிற கம்பெனியில் தொழில் கற்றார். கார்லைல் நகரத்தில் சொந்தமாக வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டார். நாற்பத்து நாலாவது வயதில், 1836-ல், நியூகாஸில்-கார்லைல் ரயில் பாதையில் மில்ட்டன் என்ற சிறு ஸ்டேஷனில் உத்தியோகத்துக்கு வந்து உட்கார்ந்தார். அந்த வயசில் மனிதர் பழைய வாழ்வை எண்ணிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ சீட்டு எழுதுகிற தொல்லையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். நார்தம்பர்லாந்து வயல் ஒன்றில் நடந்து போகும்போது யோசனை பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்.

யோசனை இவ்வளவுதான். சிறு கனத்த அட்டை. அதில் புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு எல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். பிரயாணி வந்து கேட்டவுடன் அட்டையை எடுத்து ஒரு யந்திரத்தின் வாயில் கொடுத்து 'டக்'கென்று தேதி குத்தித் தரவேண்டியது. சாயங்காலம் அடுக்கில் மேலே நிற்கிற அட்டையின் எண்ணைப் பார்த்தால் அன்றைக்கு எத்தனை விற்றது என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். காசு குறைந்தால் குமாஸ்தா பதில் சொல்லவேண்டும். நம் ஊர் ஸ்டேஷன்களிலும் பல்லாண்டு காலம் அந்த அட்டைதான் கொடுத்தார்கள். அந்த 'டக்'கென்ற சப்தத்தைக் கேட்டவுடன்தான் ஊருக்குப் போகிறோம் என்ற சந்தோஷமே வரும். பிரிட்டிஷ் ரயில்வே 1990 வரையில் அதை வைத்திருந்தது.

மான்செஸ்டர்-லீட்ஸ் கம்பெனிக்காரர்கள் எட்மண்ட்ஸனை அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்துப் போனார்கள். மற்றக் கம்பெனிகள் அவருடைய முறையை உபயோகிக்க, பாதையில் ஒரு மைலுக்கு வருஷம் பத்து ஷில்லிங் வீதம் கொடுத்தன. முப்பது மைல் பாதை வைத்திருக்கிற கம்பெனி பதினைந்து பவுன் கொடுக்கும். மனிதர் கையில் பணம் வந்தவுடன் செய்த காரியம், பழைய திவாலில் தம்மிடம் ஏமாந்த கடன்காரர்கள் அத்தனை பேருக்கும் முழுக்கத் திருப்பிக் கொடுத்ததுதான். சட்டப்படி கொடுக்கவேண்டியதில்லை. எனக்கு அவர் கண்டுபிடித்த யந்திரத்தைவிட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

வரிசை எண் போட்ட அட்டை வந்ததனால் இன்னொரு பெரிய காரியம் சாத்தியமாயிற்று. ஒரு கம்பெனியின் ஸ்டேஷனில் வாங்கிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்று கம்பெனிகளின் பாதையில் போகலாம். பணத்தை அவர்கள் பிற்பாடு மைல் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வார்கள். இப்படிப் பங்கு பிரிப்பதற்கென்றே 1842-ல் லண்டனில் ஒரு காரியாலயம் திறந்தார்கள். அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி அங்கே குமாஸ்தாக்கள் நாள் முழுதும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காரியாலயத்தை மறந்துவிடாதீர்கள். ஒரே சீட்டில் பல தேசம் சுற்றுகிற பாஸுக்கு மூல விக்கிரகம் அதுதான்.

எட்மண்ட்ஸன் அட்டை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு தாமஸ் இருந்தார். அவரும் தச்சு வேலை பழகியவர். அவரும் மதப்பற்று மிகுந்தவர். ஊர் ஊராகப் போய் மதுவிலக்குப் பிரசாரம் செய்கிறவர். பெயர் தாமஸ் குக். 1841-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் ஐந்நூறு பேரைத் தனி ரயிலில் அழைத்துப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். சாராயக் கடைக்குப் போகிறவனை ரயில் ஸ்டேஷனுக்குத் திருப்பிவிட்டால் போதும், குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படித் திரும்பியவர்கள் எத்தனை பேரோ, உல்லாசப் பிரயாணத் தொழில் அன்றைக்குத்தான் வேர் பிடித்தது என்பதில் சந்தேகமில்லை.

1863-ல் குக் தம் ஜனங்களை ஸ்விட்ஸர்லாந்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் கண்ட முறை கூப்பன் முறை. பிரயாணி சுற்றப்போகிற வழியை முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். அந்த வழிக்கு வேண்டிய சீட்டுகளை எல்லாம் சேர்த்துப் புஸ்தகமாகத் தைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் கிழியும். பிற்பாடு, 1868-லிருந்து, ஓட்டல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்குங்கூடக் கூப்பன் வந்துவிட்டது. பாஷை தெரியாத ஊரில் பேரம் பேசத் தெரியாமல் விழிக்கிற நடுத்தர வகுப்புக்காரர்களுக்கும், துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் புறப்பட்ட பெண்மணிகளுக்கும் அந்தப் புஸ்தகம் கவசம் மாதிரி இருந்தது. மேட்டுக்குடி ஆங்கிலேயர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கண்டவர்களும் ஆல்ப்ஸ் மலை பார்க்க வந்துவிட்டார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு.

கவனித்தீர்களா? குக்கின் புஸ்தகம் பாஸும் அல்ல. தனி டிக்கெட்டும் அல்ல. செலவு முன்னால் தெரியும். அந்த மட்டில் நிம்மதி. ஆனால், வழி மாறக் கூடாது. எங்கள் வீட்டுப் புது மருமகள் 1863-ல் பிறந்திருந்தால் குக்கின் முதல் வாடிக்கைக்காரியாக இருந்திருப்பாள்.

குக் கம்பெனி 1873 மார்ச்சில் ஐரோப்பா ரயில்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கால அட்டவணை போட்டது. பெரிய யுத்தங்களில் நின்று நின்று, நூற்று நாற்பது வருஷம் அந்த அட்டவணை வந்துகொண்டிருந்தது. 2013 ஆகஸ்டில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் சிலர் மனசு கேட்காமல், அடுத்த வருஷமே தாங்களே சொந்தமாக அதை மறுபடி அச்சிட ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் கூடவே இருந்த புஸ்தகத்தை விட மனம் வருமா? குக் கம்பெனியே 2019 செப்டம்பரில் மூழ்கிப் போயிற்று.

பாஸ் என்கிற சமாசாரத்தை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஸ்விஸ்காரர்கள். அவர்கள் தேசம் சின்னது. ஆனால், ரயில் கம்பெனிகள் ஏராளம். 1891-லேயே, வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் எந்த டிக்கெட்டும் பாதி விலை என்ற அட்டையைக் கொண்டுவந்தார்கள். 1898-ல், ஒரு தொகை கட்டினால் தேசம் முழுவதும் வருஷம் முழுவதும் போகலாம் என்ற பெரிய அட்டை. ரயில்களை அரசாங்கம் ஒன்றாக இணைத்ததோ 1902-ல்தான்! ரயில்கள் ஒன்றாகுமுன்பே டிக்கெட் ஒன்றாகிவிட்டது. 1980-களில் காட்டு மரங்கள் பட்டுப்போகின்றன என்ற பீதி எழுந்தபோது, மோட்டாரில் போகிறவர்களை ரயிலுக்கு இழுப்பதற்காக 1987-ல் பாதி விலை அட்டையை நூறு பிராங்குக்குக் கொடுத்தார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மற்ற தேசங்களின் கதை இவ்வளவு சுமுகமல்ல. முதல் உலக யுத்தம் வரைக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டுகூட இல்லாமல் எல்லை தாண்டினார்கள். யுத்தம் முடிந்ததும் எல்லைக்கு எல்லை பாஸ்போர்ட்டு, விசா, சோதனை. அந்த நாளில்தான், 1922-ல், பாரிஸில் சர்வதேச ரயில்வே சங்கம் பிறந்தது. 1924-ல் பெர்ன் நகரத்தில் பிரயாணிகள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பல தேசங்களைக் கடக்கிற ஒரே டிக்கெட்டுக்கு, எந்தத் தேசத்து ரயில்வே எதற்குப் பொறுப்பு என்று அதில் விதி வகுத்தார்கள். ரயில்வேக்காரர்கள் இப்படிச் சேர்ந்தார்கள். அரசாங்கங்கள் 1939-ல் மறுபடி சண்டை போட்டன.

இரண்டாவது யுத்தம் முடிந்த பிறகு ஐரோப்பாவுக்கு அமெரிக்க டாலர் வேண்டியிருந்தது. டாலரைக் கொண்டுவருகிறவன் அமெரிக்க உல்லாசப் பிரயாணி. 1958 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு ஜெட் விமானம் பறக்கத் தொடங்கியது. வந்து இறங்குகிறவர் அடுத்த ஊருக்கும் விமானத்திலோ வாடகை மோட்டாரிலோ போய்விட்டால் ரயில்வேயின் கதி என்ன? இந்தக் கவலையில் பிறந்ததுதான் யூரெயில் பாஸ். 1959-ல் மேற்கு ஐரோப்பாவின் பதின்மூன்று தேசங்கள் அதில் சேர்ந்தன. ஒரே பாஸ், முதல் வகுப்பு, இஷ்டம்போல் ஏறலாம், இறங்கலாம். ஒரே நிபந்தனை: ஐரோப்பாவில் வசிக்கிறவர்களுக்குக் கிடையாது. வெளியிலிருந்து வருகிற விருந்தாளிக்கு மாத்திரம். பதினான்கு வருஷங்களுக்கு முன் ஒருவர் பாலத்தை மற்றவர் குண்டு போட்டு உடைத்துக்கொண்டிருந்த தேசங்கள், ஒரே காகிதத்தைத் தங்கள் எல்லாருடைய ரயிலிலும் ஒப்புக்கொண்டன. ஆசை டாலர்மீதுதான், இருந்தாலும் நடந்தது நடந்ததுதானே? பிரிட்டன் மாத்திரம் அந்தப் பந்தியில் உட்காரவில்லை. தனி இலை போட்டுக்கொண்டது. 2020-ல்தான் யூரெயிலில் வந்து சேர்ந்தது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை விருந்தாளிக்கு மாத்திரம் எத்தனை நாள் செல்லும்? 1972-ல் சர்வதேச ரயில்வே சங்கத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக, இருபத்தொரு வயசு வரையுள்ள ஐரோப்பிய இளைஞர்களுக்கு ஒரு மாதம் ரயிலில் சுற்றுகிற 'இன்டர்ரெயில்' பாஸைக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் ஏற்பாடு. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியவில்லை! முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, இராத்திரி ரயிலையே சத்திரமாக்கி, ரொட்டியைத் தின்றுகொண்டு ஒரு தலைமுறையே புறப்பட்டுவிட்டது. அப்பன் துப்பாக்கியோடு போன ஊர்களுக்குப் பிள்ளை கிதாரோடு போனான். 1998-ல் வயசு வரம்பையும் நீக்கினார்கள். 2019 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகள் இந்தப் பாஸிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, அந்த நாள் இன்டர்ரெயில் பிள்ளைகளெல்லாம் நரைத்த தலையோடு கூச்சல் போட்டார்கள். அறிவிப்பு அடுத்த நாளே வாபஸ் ஆயிற்று.

இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டிருந்த பையன், "அப்படியானால் பாஸ்தான் என்கிறீர்கள்" என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தான்.

"அவசரப்படாதே. இனிமேல்தான் உன் கட்சிக்கு ஆபத்து வருகிறது" என்றேன்.

பழைய டிக்கெட்டின் விலை தூரத்தைப் பொறுத்தது. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை காசு. இன்றைக்கு வாங்கினாலும் நாளைக்கு வாங்கினாலும் அதே. 1981-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே அதிவேக ரயில் வந்தது. ஆசனத்தை முன்னால் பதிவு செய்துகொள்ளாமல் ஏறக் கூடாது என்று விதி போட்டார்கள். 1993-ல் பிரெஞ்சு ரயில்வே 'ஸோக்ராட்' என்ற கணிப்பொறி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஸாக்ரடீஸ் என்ற ஞானியின் பெயர்தான். அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்றின் ஏற்பாட்டைத் தழுவிச் செய்தது. ஆரம்பத்தில் அது போட்ட குழப்பத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள், விஷக் கோப்பையை இந்தத் தடவை பிரயாணிகளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணியிருந்தால் ஆச்சரியமில்லை. அதிலிருந்து டிக்கெட் விலை மல்லிகைப்பூ விலை மாதிரி ஆகிவிட்டது. சாதாரண நாளில் ஒன்று, முகூர்த்த நாளில் ஒன்று. விடியற்காலையில் வாங்கினால் ஒன்று, மாலையில் வாங்கினால் ஒன்று. மூன்று மாதம் முன்னால் வாங்குகிறவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆனால், அந்த ரயில், அந்த நேரம், அந்த ஆசனம். தவறினால் பணம் போயிற்று.

பாஸ் வைத்திருக்கிறவனுக்கு இதில் இரட்டை அடி. டிக்கெட் மலிந்ததால் பாஸின் லாபம் குறைந்தது. அதோடு, பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலிலும் இராத்திரி ரயிலிலும் ஆசனத்துக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும். சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கு இத்தனை இடந்தான் என்று அளவு வேறு. கலியாணப் பத்திரிகை வைத்து அழைத்துவிட்டுப் பந்தியில் இடமில்லை என்று சொல்லுகிற மாதிரி. உண்மையில் இதுகூடப் பழைய கதைதான். 1883-ல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் புறப்பட்ட காலத்திலேயே, முதல் வகுப்பு டிக்கெட்டுக்கு மேல் படுக்கை வண்டிக் கம்பெனிக்குத் தனியாக அழவேண்டியிருந்தது.

எல்லா ஜனங்களும் இந்தப் பூக்கடை வியாபாரத்தை வாய் மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் 1992 முதல் பாதி விலை அட்டை ஒன்று இருந்தது. அதை வைத்திருக்கிறவர் எந்த ரயிலிலும் நினைத்தபோது ஏறலாம். 2002 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே அதை எடுத்துவிட்டு, முன்பதிவு செய்கிறவர்களுக்கே சலுகை என்று விமானக் கம்பெனி மாதிரி புது முறை போட்டது. நாடு முழுதும் எதிர்ப்பு. ரயிலில் வருகிறவர்கள் குறைந்தார்கள். எட்டே மாதம், 2003 ஆகஸ்டில் பாதி விலை அட்டை திரும்பி வந்தது. நினைத்தபோது ஏறுகிற உரிமையை ஜெர்மானியர் லேசில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 2022 கோடையில் மாதம் ஒன்பது யூரோவுக்கு நாடு முழுதும் சாதாரண ரயில்களில் போகலாம் என்று அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டுக் கொடுத்தபோது, சுமார் ஐந்து கோடி இருபது லட்சம் சீட்டு விற்றது. அடுத்த வருஷம் 49 யூரோவுக்கு மாதச் சீட்டு வந்தது. 2025-ல் அது 58 ஆயிற்று. பக்கத்து லக்ஸம்பர்க் தேசத்தில் 2020 பிப்ரவரி 29 முதல் இரண்டாம் வகுப்பு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட்டே கிடையாது. நம் வழக்கு அங்கே தள்ளுபடி.

"மாமா, நீங்களும் அத்தையும் போனீர்களே, அப்போது என்ன வாங்கினீர்கள்?" என்று புது மருமகள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

நாங்கள் போனது 2014 செப்டம்பர். யூரெயில் பாஸ். இரண்டு மாதத்துக்குள் பத்து நாள் பிரயாணம். எங்கள் வயசுக்கு அப்போது முதல் வகுப்புப் பாஸ்தான் கொடுப்பார்கள். இப்போது பாஸ் கைபேசியிலேயே வந்துவிடுகிறது, அப்போது காகிதம். அதில் பத்துச் சிறு கட்டங்கள் இருக்கும். பிரயாணம் செய்கிற நாளில், ரயிலில் ஏறுமுன், தேதியைப் பேனாவால் கட்டத்தில் எழுதிவிடவேண்டும். உறையில் ஒரு குறிப்பேடு: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு. வருமானத்தை எந்த ரயில்வேக்கு எப்படிப் பிரிப்பது என்பதற்கு அது உதவும். 1842-ல் லண்டனில் குமாஸ்தாக்கள் எழுதிய கணக்கைப் பிரயாணியே எழுதவேண்டும் என்று ஏற்பாடு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாலை ஏழு மணிக்குமேல் புறப்படுகிற இராத்திரி ரயிலில் ஏறினால் மறுநாள் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் மிச்சம். நம் பஞ்சாங்கத்தில் சூரியோதயத்தில் நாள் பிறக்கிறது. அந்தப் பாஸில் ஏழு மணிக்குப் பிறந்தது. நான் இந்த விதியைப் படித்து மனப்பாடம் செய்து, மனைவியிடம் இரண்டு தடவை பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். அந்த அழகில் ஒரு நாள் மறுநாள் தேதியைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ரயில் புறப்பட்டது ஆறு ஐம்பத்தைந்துக்கு.

பரிசோதகர் வந்தார். எந்தத் தேசத்து ரயில் என்று சொல்லப்போவதில்லை. பாஸைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டது ரயிலின் குற்றமே தவிர என் குற்றமல்ல என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வாதாடினேன். அந்த ரயில் தினந்தோறும் ஆறு ஐம்பத்தைந்துக்குத்தான் புறப்படுகிறது என்றார். ஒரு நாள் போயிற்று. அபராதம் ஐம்பது யூரோ. பணம் போனது பெரிதல்ல. எதிர் ஆசனத்தில் ஒரு கிழவர், மடியில் நாய்க்குட்டியோடு, என்னை ஒரு திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாரே, அதுதான் இன்னும் மறக்கவில்லை. எட்மண்ட்ஸனின் அட்டையில் இந்த வம்பு கிடையாது. தேதியை யந்திரம் குத்திவிடும். பொய் சொல்லுகிற சந்தர்ப்பமே பிரயாணிக்கு வராது. பாஸோ பேனாவை நம் கையில் கொடுத்துவிட்டு நம் யோக்கியதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்று முதல் பேனா என் மனைவியின் கைக்குப் போயிற்று.

ஆனால், அதே பாஸ்தான் எங்களை க்யூலியில் இறக்கிவிட்டது. லோஸானிலிருந்து ஜெனீவா ஏரிக் கரையோடு போகிற சாதாரண ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் ஏரி; மறு பக்கம் மலைச் சரிவு முழுதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். குட்டிச் சுவர்களாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு வரிசைக் கொடி. தர்மபுரிப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவள் என் மனைவி. கல் பொறுக்கிக் கட்டிய வரப்பைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. "ஏங்க, இறங்கிடலாமா?" என்றாள். ரயில் அப்போதுதான் நின்றது. ஊர்ப் பேரைக்கூடப் படிக்காமல் இறங்கிவிட்டோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை, பாஸ் இருக்கிறது. மத்தியானம் முழுதும் அந்த வரப்புகளின் ஓரம் நடந்தோம். அவள் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தாள். எங்கள் அப்பா இன்னும் நன்றாகக் கட்டுவார் என்று சொன்னாள். அவர் இறந்துபோய் அப்போது எட்டு மாதம். பிறகு ஏரிக் கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெகு நேரம் பேசாமலிருந்தாள். நானும் பேசவில்லை. எத்தனை ரயில் போயிற்று என்று எண்ணவில்லை.

மலிவு டிக்கெட்டாக இருந்திருந்தால் மணியைப் பார்த்திருப்பேன். அது நிச்சயம்.

இதையெல்லாம் இளம் தம்பதிகளிடம் சொல்லவில்லை. அபராதம் கட்டிய கதையை மாத்திரம் சொன்னேன். பிறகு தீர்ப்புக்கு வந்தேன். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று அதிவேக ரயிலில் நீண்ட தூரம் தாண்டுகிற நாட்களுக்கு, மருமகள் சொல்கிறபடி இப்போதே டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. ஸ்விட்ஸர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று பதிவு இல்லாமல் ஏறக்கூடிய தேசங்களில் திரிகிற நாட்களுக்கு, பையன் சொல்கிறபடி சில நாள் பாஸ். இரண்டு கட்சிக்கும் பாதி ஜயம். வக்கீல் குமாஸ்தாகூட இதைவிட நல்ல சமாதானம் செய்து வைத்திருக்க முடியாது என்று எண்ணிக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் என் மனைவி உள்ளே போய், பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பையன் வாங்கி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் நாலு வரி என் கிறுக்கல்; மீதி அவளுடைய குண்டு குண்டான எழுத்து. கட்டங்களை விரலால் எண்ணினான்.

"அத்தை, பத்து நாளுக்குப் பணம் கட்டியிருக்கீங்க. எட்டுதான் எழுதியிருக்கு. ரெண்டு நாள் வீணாப் போச்சே!"

"அந்த ரெண்டு நாளும் நல்ல மழைப்பா. ரூமை விட்டு வெளியே வரலே" என்றாள் அவள். பாஸை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "காப்பி கலக்கட்டுமா?" என்று புது மருமகளைக் கேட்டாள்.